63-வது ரோல்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி நம் கேமராமேனுக்கு எழுதிவிட்டேன். அந்தப் படத்தின் 63-வது பிலிம் ரோலை ஏற்றியது நீங்கள் இல்லை, நான்தான் என்று. நாலே வரி. அனுப்பிய பிறகுதான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமே என்று உறைத்தது. இல்லை, அது பொய். முன்பே உறைத்தது. கேட்டால் "இப்போ எதுக்கு அதெல்லாம், விடு தம்பி" என்று சொல்லிவிடுவீர்கள், நானும் அதையே சாக்காக வைத்து இன்னொரு பத்து வருஷம் ஓட்டிவிடுவேன் என்று பயந்துதான் கேட்கவில்லை.

உங்கள் பழைய நம்பர் இப்போது இல்லை. பழைய மெயிலுக்கும் பதில் வருவதில்லை. நான் இங்கே எழுதுவதை நீங்கள் எப்போதாவது எட்டிப்பார்க்கிறீர்கள் என்று எனக்கு ஓர் எண்ணம், அதனால் இங்கேயே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே எந்த நாடு, எந்தப் படம், யார் யார் என்று எதையும் சொல்லப் போவதில்லை. அந்த யூனிட்டில் இருந்த இரண்டு பேரோடு எனக்கு இன்னும் பேச்சு உண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு மறைப்பே இல்லை. சில இடங்களில் நான் சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது என்றால், போன வாரம் ஒன்று நடந்தது. எங்கள் யூனிட்டில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பையன் நேராக என்னிடம் வந்து நின்றான். "அண்ணா, காப்பி எடுக்காத கார்டை பார்மட் பண்ணிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு." பண்ணிவிட்டேன் என்றுகூட இல்லை. சந்தேகம், அவ்வளவுதான். அவன் கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. போய்ப் பார்த்தோம், கார்டு பத்திரமாக இருந்தது. அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அன்றைக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. அன்று எனக்கு இருந்ததும் அதே சந்தேகம்தானே அக்கா. ஏறக்குறைய அதே வயசு.

அந்த யூனிட்டுக்குப் பயிற்சிக்கு வந்த புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கு முழுக்கத் தெரியாது. நீங்கள் பார்த்தது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு கடைசி வருஷ மாணவனை. தலையாட்டியதில் பாதி எனக்குப் புரியாதவை. படிக்கும் இடத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து படம் எடுத்தால், லைட் தூக்குகிறவனே கிளாப் அடிப்பான், அவனே ஓடிப்போய் மைக் பிடிப்பான். அந்தப் பழக்கத்தில் முதல் நாள் வழியில் இருந்த ஒரு லைட் ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன். லைட்மேன் ஒருவர் வந்தார், திட்டவில்லை, அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உதவி என்று நினைத்தது அங்கே இன்னொருவர் வேலையில் கைவைப்பது. டேக் என்று குரல் வந்ததும் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் சவுண்டில் பதிந்துவிடுமோ என்று நான் மூச்சை அடக்கியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாக்கி டாக்கியில் "ஏபி சிங்கர்" என்று அறிவித்தார்கள். எல்லாரும் சுறுசுறுப்பானார்கள். நான் அன்றைய ஷெட்யூல் தாளை எடுத்து அந்தப் பெயரில் ஒரு நடிகரைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் குனிந்து, அது ஆள் இல்லை, நாளின் கடைசிக்கு முந்தின ஷாட் என்றீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு உதவி இயக்குநர் இருந்தார், அவர் பெயரே அந்த ஷாட்டுக்கு நிலைத்துவிட்டது. கடைசி ஷாட்டுக்குப் பெயர் மார்ட்டினி. சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வாக்கியில் எது வந்தாலும் உங்கள் உதடு மெல்ல அசையும். தமிழில். கிளாப் பலகையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே. அந்த யூனிட்டில் தமிழ் பேசும் இன்னொரு வாய் அது ஒன்றுதான்.

தெருவிளக்குக் காட்சிக்கு முன்னால், ஒவ்வொரு பிரேமிலும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டர் கோணம் 180 டிகிரியில்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு துண்டு டேப்பில் 172.8 என்று எழுதி என் முழங்கையில் ஒட்டினீர்கள். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, வினாடிக்கு 24 பிரேமில் இந்தக் கோணம் வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக 1/50 வினாடி, இரண்டு துடிப்பு முழுசாக விழும், படம் மினுக்காது. அரை நிமிடத்தில் சொல்லி முடித்தீர்கள். மூன்று வருஷமாக என் மண்டையில் ஏறாத விஷயம். அந்த டேப்பை அன்று ராத்திரி உரித்து நோட்டில் ஒட்டிவைத்தேன், இப்போதும் இருக்கிறது.

சரி. அந்தச் சாயங்காலம்.

தெரியாதவர்களுக்காக மட்டும் கொஞ்சம்: 16 எம்எம் பிலிமில் 400 அடி ரோல் 24 பிரேமில் 11 நிமிடம்தான் ஓடும். அது தீருவதற்குள் அடுத்த மேகசின், அதாவது ரோலை உள்ளே ஏற்றிக் கேமராவில் மாட்டும் பெட்டி, தயாராக இருக்க வேண்டும். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, பார்க்காமல், விரலால் தடவித்தான் ஏற்ற வேண்டும். பயிற்சிக்கு வந்தவன் தனியாக அதைத் தொடக் கூடாது. நான் கெஞ்சினேன். உங்கள் கண்ணெதிரில் மூன்று ரோல் ஏற்றியிருந்தேன், மூன்றும் நன்றாக வந்திருந்தன. அன்று நீங்கள் கிளாப்போடு கேமரா பக்கம் நின்றாக வேண்டும், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "நீயே ஏத்திடு. வாட்ச்சைக் கழட்டு, ஜாக்கெட்டைக் கழட்டு" என்று சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

வாட்ச்சைக் கழற்றினேன். அதில் இருட்டில் ஒளிரும் முள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

குளிர், அக்கா. விரல் நுனி மரத்துப்போயிருந்தது. முந்தின நாள் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றியபோது கை நடுங்கி பிலிம் நுனி இரண்டு முறை நழுவியது. இன்றைக்கும் நழுவினால் நேரமாகும், நேரமானால் வெளிச்சம் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பையின் எலாஸ்டிக் வெறும் தோலைக் கவ்வ வேண்டும். அது தடித்த துணியின் மடிப்பைக் கவ்வியது. உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. டப்பா மூடி, கறுப்பு உறை, அதற்குள் ரோல். நுனியை வழியில் செலுத்தினேன், எதிர்ப்பக்கம் பிடித்து இழுத்தேன், மூடியை அழுத்தினேன், பூட்டு டக்கென்று விழுந்தது. அவ்வளவு சுத்தமாக அதுவரை நான் ஏற்றியதே இல்லை. சந்தோஷமாகக் கையை உருவப் போனபோதுதான் பார்த்தேன், இடது கைப்பக்கம் ஜாக்கெட் துணி எலாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மடிப்பில் ஒரு சந்து. ஒரு பென்சில் போகும். மூடி விழுந்த பிறகு திறந்த சந்தா, ரோல் வெளியே கிடந்தபோதே இருந்த சந்தா? தெரியவில்லை.

வாக்கியில் உங்கள் குரல் வந்தது. "ஆச்சா?"

மேகசினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏபி சிங்கர் முடிந்திருந்தது. கடைசி ஷாட்டில் வர வேண்டிய பெரியவர் தன் இடத்தில் போய் நின்றுவிட்டார். மறுநாள் அவர் கிளம்பிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மேகசினை வாங்கும்போது கேட்டீர்கள்: "சரியா?"

"சரி" என்றேன்.

இந்தக் கடிதமே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். 62-வது ரோலில் இன்னும் 60 அடி சொச்சம் மிச்சம் இருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் புது ரோல் கேட்டார்கள், ஷாட் என்னவோ ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று நான் வாய் திறந்திருந்தால் பழைய மேகசினிலேயே எடுத்திருப்பீர்கள். இந்தக் கணக்கை எத்தனை ராத்திரி போட்டிருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அடி மிஞ்சுகிறது.

மறுநாள் லேப் ரிப்போர்ட். ஓரத்திலிருந்து உள்ளே பரவிய ஃபாக், அதாவது வேண்டாத வெளிச்சம் பட்ட வெளுப்பு, ரோலின் தொடக்கத்தில் அதிகம், சுற்றுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்து, போகப் போகக் குறைகிறது. அந்தப் பெரியவரின் முகத்தின் மேல் இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை ஒரு வெளுப்பு, மூச்சு விடுவதுபோல. கேமராவின் போகஸைப் பார்த்துக்கொள்ளும் போகஸ் புல்லர் மேகசினில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று சோதித்தார். இல்லை. விமான நிலைய எக்ஸ்ரேயாக இருக்குமோ என்று யாரோ ஆரம்பித்தார்கள். கூடவே வந்த மற்ற டப்பாக்கள் சுத்தமாக இருந்ததால் அந்தப் பேச்சும் அடங்கியது. மிச்சம் லோடிங்தான். யார் ஏற்றியது என்று கேட்டு முடிப்பதற்குள் "நான்" என்றீர்கள். இரண்டடி தள்ளி நான் பேட்டரி சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். திறக்கவே இல்லை அக்கா.

மன்னித்துவிடுங்கள். நேரில் கேட்டிருக்க வேண்டியது. இத்தனை பேர் முன்னால் கேட்பது சுலபமாக இருக்கிறது என்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மேகசினை வாங்கும்போது உங்கள் கண் என் முகத்துக்கு வரவில்லை. ஜாக்கெட்டுக்குப் போனது. கழற்றச் சொன்ன ஜாக்கெட். ஏற்றி முடித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓடிவர எனக்கு நேரம் இருந்திருக்காது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டுத்தான் "சரியா" என்று கேட்டீர்கள். உங்களுக்கும் அந்த நிமிடம் வெளிச்சம்தான் முக்கியமாக இருந்தது, இல்லையா?

இந்தப் பத்தியை இரண்டு தடவை அழித்தேன். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் மூன்றாவது தடவை அழிக்க மனசு வரவில்லை. பத்து வருஷமாக நான் உங்களுக்குக் கடன்பட்டவனாகவே நடந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் "நான்" என்றது முழுக்க எனக்காகத்தான் என்று நம்பி. பயிற்சிக்கு வந்தவன் கையில் கொடுத்ததே விதிக்கு மாறு, என் பெயர் வந்தால் அடுத்த கேள்வி உங்களுக்கு என்பதும் அதில் கொஞ்சம் இருந்ததா? இருந்திருந்தால் தப்பே இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேனில் உட்காரவைத்து அதைச் சொல்லியிருக்கலாம். மிச்சம் இருந்த ஒன்பது நாளும் "டேப்", "லென்ஸ் துணி", "பேட்டரி". அதுவும் ஆங்கிலத்தில். வாக்கியில் எவ்வளவோ வந்தது, உங்கள் உதடு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். திட்டியிருந்தால் அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. திட்டியிருக்கலாம்.

பயிற்சி முடிந்தபோது கேமராமேன் என்னைப் பற்றி நல்லதாக ஒரு கடிதம் கொடுத்தார். அதைக் காட்டித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அவருடைய அடுத்த படத்தில் உங்கள் பெயர் இல்லை. காரணம் வேறாக இருக்கலாம், ஆட்கள் மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். இதற்கு மேல் இதை இங்கே எழுத மாட்டேன்.

படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். அந்த ஷாட்டின் கடைசி சில வினாடிகளை மட்டும் வைத்திருக்கிறார்கள், வெளுப்பு ஓய்ந்த இடம். ஓரத்தில் ஒரே ஒரு தடவை லேசாக வருகிறது. தெரியாதவர்கள் மேகம் விலகியது என்று நினைப்பார்கள். டைட்டிலில் உங்கள் பெயருக்கு நாலு வரி கீழே என் பெயர். இரண்டும் திரையில் சேர்ந்தே மேலே போயின.

இன்று காலையில் கேமராமேனிடமிருந்து பதில் வந்துவிட்டது. இன்னும் திறக்கவில்லை. மேலே இரண்டு முகவரி தெரிகிறது. ஒன்று என்னுடையது. இன்னொன்றில் உங்கள் பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியாத முகவரி. அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்களா? அவருக்கு ஏற்கெனவே தெரியுமா?

அந்த முகவரிக்கு நான் எழுதவில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தது இல்லை அது. அவர் என்ன எழுதியிருந்தாலும் இந்நேரம் நீங்கள் படித்திருப்பீர்கள். இதை முடித்துவிட்டு நானும் திறக்கிறேன்.

என் நம்பர் மாறவில்லை, அக்கா.

தம்பி