செயலாளர் ஆண்டறிக்கை: அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்புவோரின் மறுபரிசோதனை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அவசரப் பிரிவில் சிகிச்சை பெற்றுப் போனவர்களை மறுபரிசோதனைக்கு வரவைக்கும் வேலையைத்தான் இந்த ஆண்டு முதன்மையாகச் செய்தோம். இரத்ததான முகாமும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல நடந்தன.

வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நம் தொண்டர்கள் கண்டது வேறு. டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் 'ஒரு வாரம் கழித்து ரிவியூ' என்று ஒரு கிறுக்கல் இருக்கும். எந்தக் கிழமை, எந்த ஓ.பி., யாரைப் பார்ப்பது என்று எதுவும் இருக்காது. வலியும் நின்றிருக்கும். அப்புறம் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்?

ஆகவே சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம்: "செவ்வாய் காலை. எலும்பு ஓ.பி. எக்ஸ்ரே கொண்டு வரவும்." அதை நோயாளியே நம்மிடம் திரும்பச் சொல்ல வேண்டும். (மருமகன் தலையாட்டிவிடுவார், வரவேண்டியவர் மாமியார்.)

காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துச் சிறு எலும்பில் முறிவு இருந்தாலும் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு நெபுலைசர் வைத்ததும் மூச்சு சீராகிவிடும். "அதான் சரியாயிடுச்சே" என்பார். காற்றுக்குழாய் வீக்கம் அன்றே வடிந்துவிடாது. ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து தினசரி இன்ஹேலரை முறைப்படுத்தாவிட்டால் மறுபடி அதே கட்டில்தான். நாய்க்கடி விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருந்தோம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். 3, 7 ஆம் நாள் ஊசிகளுக்கு முந்தைய மாலையே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னோம். குறுஞ்செய்தியை நம்ப முடியவில்லை. கொடுத்த எண் பல சமயம் பேரனுடையது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்துமா நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டியே தேதி வாங்கித் தரப்பட்டவர்கள் அதிகமாக மருத்துவரிடம் போனார்கள். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் நோயின் நிலையில் வித்தியாசமில்லை. ஒரு தடவை வரவைத்துவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. நாட்பட்ட நோயுள்ளவர்களை இரண்டாம், மூன்றாம் வருகைக்கும் கூப்பிட வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஓ.பி. டோக்கனையும் சேர்த்துத் தரும்படி மருத்துவமனை நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மாலை நேரத்தில் தொலைபேசி பேச ஆள் போதவில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்