பெயர் சொல்லாமல் போனவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அடிபட்ட குழந்தைகளை எங்கள் வார்டு வரை கொண்டுவந்து சேர்த்த பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. சாலை விபத்தில் உதவுவோர் பெயர் சொல்லாமல் போக மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வந்த விதிகள் உரிமை தந்திருக்கின்றன. அதனால்தான் நன்றியைப் பொதுவில் எழுதுகிறோம்.

வெந்நீர் கொட்டிய இடத்தில் பேஸ்ட்டும் இங்க்கும் தடவாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு வந்தீர்கள். சூடு ஆழமாக இறங்காமல் தடுத்தது அந்தத் தண்ணீர்தான்.

விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து வருபவர்களில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் அதிகம். முறிந்த முனை ரத்தக்குழாயை அழுத்தக்கூடும். அதன்மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், வீக்கம் பரவ இடமில்லாமல் உள்ளே தசை சில மணி நேரத்தில் செத்துப்போகும். விரல்கள் மடங்கியே நின்றுவிடும். நீங்களோ கையை நிமிர்த்த முயலாமல், இருந்த வாக்கில் அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டினீர்கள். விரல் வெளுக்கிறதா, நீட்டினால் அலறுகிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அந்தக் கைகள் மறுபடி பென்சில் பிடிக்கின்றன.

108 ஊழியர்களே, குழந்தைக்குப் பின்னந்தலை பெரிது. பலகையில் மட்டமாகப் படுக்கவைத்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுவழி அடைபடும். தோளுக்கடியில் நீங்கள் மடித்து வைத்த துண்டு அதைத் தடுத்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்த ரத்தமே சுமார் 800 மி.லி.; ஒரு டம்ளர் போனாலே கால் பங்கு போயிற்று. அப்போதும் பிரஷர் சரியாகவே காட்டும். நாடி வேகத்தையும் சில்லிட்ட கால்களையும் நம்பி முன்கூட்டியே போன் செய்தீர்கள், ரத்தம் தயாராக இருந்தது. கொடுத்தவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

பைக்கின் பின்சக்கரத்தில் சிக்கிய காலை இழுக்காமல், ஸ்போக்ஸை வெட்டி எடுத்துக்கொடுத்த மெக்கானிக்குகளையும் மறக்கவில்லை. குதிகால் தோலுக்கு ஈடாக ஒட்ட உடம்பில் வேறு தோல் கிடைப்பது அரிது. முதல் நாள் கீறலாகத் தெரிவது சில நாளில் கறுத்து உரியலாம் என்பதால், சொன்ன தேதியில் திரும்ப அழைத்துவந்த பெற்றோருக்கும் நன்றி.

மாவுக்கட்டு பிரித்த முழங்கையை எண்ணெய் போட்டு நீவ வேண்டாம் என்றோம். பாட்டிமார் மனமில்லாமல்தான் கேட்டுக்கொண்டார்கள். நீவினால் தசைக்குள் எலும்பு முளைத்து மூட்டு இறுகிவிடலாம். முழுதாக நீளச் சில மாதம் ஆகலாம். பிள்ளை விளையாட்டில் தானாகவே மடக்கி நீட்டட்டும்.

அன்புடன்,
குழந்தைகள் விபத்துக் காயப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்