உப்பளத்துக்கு எந்தக் கேமரா?

மயிலாப்பூர்,
ஏப்ரல் 20

அன்பு மாப்ளே,

உன் கடிதம் பங்குனித் திருவிழாக் கொடியேற்றத்தன்று வந்தது. இப்போது சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். "உப்பளத்து ஆட்களைப் படமெடுக்க ஜூம் கேமரா வாங்கவா, நம்ம பழைய யாஷிகா ஃபிலிம் கேமரா மாதிரி இருக்கிறதே அதை வாங்கவா" என்று நீ ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு அதை ஒற்றை வரியில் முடிக்க மனமில்லை. அக்கா மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். அவனிடம் யாஷிகா வடிவத்தில், ஜூம் இல்லாத ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் ஐந்தாவது கேமரா இருக்கிறது. அதைப் பத்து நாள் கேட்டு வாங்கி, என்னுடைய ஜூமோடு மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் வழியை மாற்றி விட்டிருப்பதால், கால் மணி நேரத்தில் போய் வந்த இடத்துக்கு இப்போது முக்கால் மணி ஆகிறது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு 84 முடிந்துவிட்டது. போன ஐப்பசியிலிருந்து மாடியை விட்டு இறங்குவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மற்றபடி நினைவு, காது, நாக்கின் ருசி எல்லாம் முன்பு போலத்தான்.

அம்மாவிலிருந்தே கேமரா விஷயத்துக்கு வருகிறேன். பிறந்ததிலிருந்து கபாலி கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர். அதை இழந்ததுதான் அவருக்குப் பெரிய துக்கம். ஒருநாள் காலை நான் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ப்புறம் நின்று, மேல் நிலையில் இருந்த ஒரு சுதைச் சிற்பத்தை முழு ஜூமில் எடுத்து வந்து டிவியில் போட்டுக் காட்டினேன். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னார். "எண்பது வருஷமா கீழேருந்து கும்பிட்டேன், இவ மூக்குத்தி போட்டிருக்கான்னு இப்பதான் தெரியுது" என்றார். அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் எனக்கு இதே வேலை. அந்தக் கோபுரம் 120 அடி உயரம். என் கேமராவின் ஜூம் 24-லிருந்து 720 மி.மீ. வரை போகும், எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். அறுபது மீட்டர் தள்ளி நின்றால்கூட மூன்று மீட்டர் அகலம்தான் படத்துக்குள் வரும், அதாவது ஒரு சிலையும் அதன் பக்கத்துச் சிலையும். துவாரபாலகரின் கதாயுதத்தில் புறா கூடு கட்டியிருப்பதும், நீல வண்ணம் உரிந்து சுண்ணாம்பு தெரிவதும் அப்படியே கிடைக்கிறது. மூடினால் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பொருள் இவ்வளவு செய்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் காலை ஏழரைக்குள் எடுத்துவிட வேண்டும். கிழக்கு முகம் என்பதால் வெயில் நேராக விழும், காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலையிலிருந்து எழும் சூட்டில் கோபுரமே நெளிகிறது. 720 மி.மீ.-இல் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இனி அதன் குறை. இந்த ரகக் கேமராவில் ஒவ்வொரு முறை போடும்போதும் லென்ஸ் குழாய் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். குழாய் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு தூசியும் போகிறது. இரண்டு வருடம் எலியட்ஸ் கடற்கரையில் காலை நடைக்கு எடுத்துப் போனதன் விளைவாக, உள்ளே படம் பதியும் சென்சார் மேல் ஒரு துகள் உட்கார்ந்துவிட்டது. அகலக் கோணத்தில் தெரியாது. முழு ஜூமில் வானத்தை எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் நாமே துடைக்கவும் வழியில்லை. பழுது பார்க்குமிடத்தில் முழுதாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள், கேட்ட தொகை கேமரா விலையில் பாதி. அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் அந்தப் பொட்டு சரியாக அம்பாள் கன்னத்தில் வந்து விழுந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "யாரோ திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்காங்க, இருக்கட்டும்" என்றார். அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.

கடற்கரைக் காற்றுக்கே இந்தக் கதி என்றால், நீ எடுத்துக்கொண்டு போகப் போவது உப்பளத்துக்கு. அங்கே பறப்பது வெறும் தூசி இல்லை, உப்பு. நீளும் குழாய் உள்ள எதையும் அங்கே நாள் முழுக்கத் திறந்து மூடக் கூடாது என்பது என் முதல் முடிவு.

இரண்டாவது, வெளிச்சம். உப்பளத்து ஆட்கள் விடியுமுன்னே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள், அவர்களோடு கடையில் டீ குடித்துவிட்டு அங்கேயிருந்தே எடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ சொன்ன மாதிரி ஒரு கடை இங்கேயும் இருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு குழல்விளக்கு. அங்கே போய் இரண்டு கேமராவையும் வைத்து எடுத்தேன். எக்ஸ்100-இல் எஃப்2 (லென்ஸ் திறப்பு, எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்), 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600 (வெளிச்ச உணர்திறன், கூட்டினால் படத்தின் தெளிவு குறையும்). ஆவிக்குப் பின்னால் மாஸ்டரின் முகம் வந்தது, கண்ணோரச் சுருக்கம், நெற்றியில் பாதி அழிந்த விபூதி உட்பட. என் ஜூமில் அதே கோணத்துக்கு வர எஃப்4 ஆகிவிடுகிறது, ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டியிருந்தது. முகம் ஈரச் சுவரில் பூசிய வண்ணம் போலக் குழைந்துவிட்டது. ஜூமில் இருக்கும் சென்சார் ஏறக்குறைய 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மற்றதில் 23.5-க்கு 15.6, பரப்பளவில் 13 மடங்கு. அவ்வளவு பெரிய சென்சாருக்கு 720 மி.மீ. ஜூம் செய்தால் அந்த லென்ஸ் உன் முழங்கை நீளம் வரும். சட்டைப்பையில் அடங்கும் ஜூமும் இருட்டில் தெளிவும் ஒரே கேமராவில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான், கம்பெனிக்காரர்களின் கஞ்சத்தனம் இல்லை.

அறுபத்துமூவர் அன்று ஜூமை வீட்டிலேயே வைத்துவிட்டு எக்ஸ்100-ஐ மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். கூட்டம் உனக்குத் தெரியும், நாம் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, கூட்டம் நிறுத்துகிற இடத்தில்தான் நிற்கலாம். அந்தக் கேமராவில் இடது மூலையில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி ஜன்னல். முன்னால் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் மின்திரை போய் நிஜக் கண்ணாடி வந்துவிடும், படத்தின் எல்லை ஒரு வெள்ளைக் கோடாக மிதக்கும். கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரிகிறது, அதில்தான் விஷயமே இருக்கிறது. நாயன்மார் பல்லக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே வலதுபக்கம் ஒருவர் தன் பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிதுங்கிப் பிதுங்கி முன்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குழந்தையின் கால், மறு கையில் தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய நீர்மோர் டம்ளர். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் அழுத்தினேன். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தமே இல்லை. குழந்தை கைகூப்பியிருக்கிறது, மோர் வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்குகிறது. அந்த ஆளை ஜூமில் நான் பார்த்திருக்கவே மாட்டேன். என் கண் பல்லக்கின் மேல் இழுத்துக்கட்டியது போல நின்றிருக்கும்.

இனி உன்னைப் பற்றி. 1984-இல் உன் மாமா கப்பலிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐ வைத்துக்கொண்டு, 36 படத்துக்கு ஒரு ஆர்வோ ஃபிலிம் சுருள் வாங்க நாம் டிபன் காசை மிச்சம் பிடித்தோமே, அந்தப் படங்களை இந்த வாரம் எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்தவை எல்லாம் கட்டடங்கள், கலங்கரை விளக்கம், ரயில். நீ எடுத்தவை முழுக்க மனிதர்கள், அதுவும் கை நீட்டினால் தொடும் தூரத்தில். எங்கள் சமையலறையில் அம்மா ஊதுகுழலோடு திரும்பிப் பார்க்கும் படத்தை நீ எங்கே நின்று எடுத்தாய் என்று அந்த இடத்திலேயே நின்று அளந்து பார்த்தேன். நாலு அடி. நாலு அடி தூரத்தில் ஒரு பையன் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறான் என்பதையே அம்மா பொருட்படுத்தவில்லை. அது உன் சுபாவத்துக்குக் கிடைத்த இடம். உப்பளத்து ஆட்களும் உனக்கு அந்த நாலு அடியைக் கொடுப்பார்கள், உன் அப்பாவை அறிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள் அல்லவா? தூரத்து வரப்பிலிருந்து 720 மி.மீ.-இல் அவர்களைப் பிடிப்பது உன் வேலை இல்லை. நீ வாங்க வேண்டியது நிலையான லென்ஸ் உள்ளதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கு. வடிவம் யாஷிகா மாதிரி இருந்தாலும், நடுவில் மஞ்சள் கட்டத்தில் இரண்டு பிம்பம் தெரிந்து, வளையத்தைத் திருப்பினால் ஒன்றோடொன்று சேருமே, அந்த ஏற்பாடு இவற்றில் கிடையாது. டிஜிட்டலில் அதை முதலில் செய்தது எப்சன், 2004-இல். 2006-லிருந்து லைக்கா எம் வரிசை. லைக்கா விலைக்கு நாம் போக வேண்டாம். நம் விலைக்குக் கிடைப்பவை தோற்றத்தில் மட்டும்தான் அந்த ரகம், ஃபோகஸ் எல்லாம் தானியங்கி. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது, இரண்டு நாளில் பழகிவிட்டது.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. நீ இடது கண்ணால் பார்க்கிறவன். ஜன்னல் இடது மூலையில் இருப்பதன் சௌகரியமே வலது கண்காரர்களுக்குத்தான். அவர்களுக்கு மூக்கு கேமராவுக்கு வெளியே போய்விடும், இடது கண்ணும் திறந்தபடி உலகத்தைப் பார்க்கும். நீ வைத்தால் மூக்கு நேராகப் பின்திரையில் அழுந்தும். தொடுதிரை என்பதால் மூக்கு பட்டு ஃபோகஸ் புள்ளி நகர்ந்துவிடும். மெனுவில் அதை அணைத்துவிடலாம், நானே செய்து பார்த்தேன். ஆனாலும் இப்போது கண்ணாடி வேறு போட்டிருக்கிறாய். அதனால் கையில் பிடித்துப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிடாதே. உச்சி வெயிலில் உப்புக் குவியல் வெளுத்து அடிக்கும்போது பின்திரையில் எதுவும் தெரியாது, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். ஆகவே அது உன் கண்ணுக்குச் சரியாக இருப்பது அவசியம்.

மாடலைக் கேட்டால், எக்ஸ்100-இல் 2024-இல் வந்த ஆறாவது. லென்ஸ் அதே 23 மி.மீ., நம் பழைய ஃபிலிம் கணக்கில் 35. புதிதாகக் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி சேர்ந்திருக்கிறது, நம் வயதுக்கு அது உதவும். முன்னால் ஒரு வளையமும் ஃபில்டரும் போட்டால்தான் தூசி, ஈரம் தாங்கும். அதைக் கட்டாயம் சேர்த்து வாங்கு. எக்ஸ்-இ5 என்று லென்ஸ் மாற்றக்கூடியதும் இருக்கிறது. பூநாரை வந்தால் நீள லென்ஸ் போடலாமே என்று உனக்குத் தோன்றும். ஆனால் அதற்கு அந்தத் தூசிப் பாதுகாப்பு இல்லை, உப்புக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பூநாரைகளைச் சும்மா கண்ணால் பார்த்துக்கொள். அவை அழகாகப் பறந்தால் எனக்கு எழுது.

வீடு திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வை. தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைக்காதே, பூஞ்சை பிடித்துவிடும்.

நான்? அக்கா மகனிடம் அவன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது மனசு கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஜூமை மாற்றப் போவதில்லை. கிழக்குக் கோபுரத்தில் இன்னும் மூன்று நிலை பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் மேற்குக் கோபுரம் வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். அதற்குச் சாயங்கால வெயில் வேண்டும், குளக்கரையில் நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

வைகாசியில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி வா. காலையில் எழும்பூருக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி உன் இடது கண்ணுக்கு எது ஒத்து வருகிறது என்று பார்த்துவிடலாம். வரும்போது யாஷிகாவையும் எடுத்து வா. நேற்று உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கேமராவுல மஞ்சள் விளக்கு இன்னும் எரியுதான்னு கேளு" என்றார்.

அன்புடன்,
உன் மாப்ளே