ஆயா காற்றடித்து வைத்த பந்துகள்

நம்ம ஃபுட்பால் கிரவுண்ட் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், என்னோடு ஆடிய நண்பர்களுக்கும்,

நேற்றுக் காலை கிரவுண்டுக்கு வந்துவிட்டேன். கைத்தடியோடுதான், கோட்டுக்கு வெளியே போட்ட நாற்காலியில்தான். ஆனாலும் வந்துவிட்டேன். கடந்த மூன்று மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி ராத்திரி நீங்களும்தானே விழித்திருந்தீர்கள். கை இன்னும் நடுங்குவதால் நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், ஒரு பைசா வாங்காமல் ஓட்டிய ஆட்டோ தம்பி, பழைய டீம் நண்பர்கள் கையில் திணித்த கவர், தினமும் டிபன் அனுப்பிய தாய்மார்கள், ப்ராக்டீஸை ஒருநாளும் நிறுத்தாத என் இரண்டு சீனியர் பையன்கள். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்வேன். ஆனால் ஒருவரைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் செய்தது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் தூக்கம் வராத ராத்திரிகளில் எனக்கு அந்தப் பந்து மூட்டைதான் கண்ணில் நிற்கும். மொத்தம் 14 பந்து. குட்டிப் பிள்ளைகளுக்கான 4-ம் சைஸ் ஒன்பது, பெரியவர்களுக்கான 5-ம் சைஸ் ஐந்து. பையன்களிடம் இருந்தவை தனியாக ஒரு நாலைந்து. இந்த மூட்டை மட்டும் நம் கோல்கீப்பர் பையனுடைய ஆயா, அதாவது பாட்டி வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தது. காற்றிறங்கிய பந்து அப்படியே கிடந்தால் தோல் மடிந்துபோகும், அப்புறம் உருண்டை திரும்பாது. உள்ளே இருக்கும் காற்றுப்பை லேடெக்ஸ் பிளாடர் என்றால் சில நாளிலேயே தொய்ந்துவிடும். நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் குப்பைக்குத்தான் என்று முடிவுகட்டியிருந்தேன்.

நேற்று மூட்டையை அவிழ்த்து முதல் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. பதினாலும் அப்படியே.

ஆயாதான். மூன்று மாதமும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். எழுபதைத் தாண்டிய வயதில், தோள்வலியோடு கைப்பம்பைச் சுவரில் முட்டுக்கொடுத்து அழுத்தியிருக்கிறார். பேத்தி பந்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருக்கிறாள். ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வு கிழிந்துவிடுமே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நீ எண்ணெ தொட்டுத்தான உடுவ? வாசப்படில குந்திகினு பாத்துகினேதான இருப்பேன்” என்றார். ஏன் ஆயா இவ்வளவு கஷ்டம் என்றதற்கு, “வந்து பாத்தா உனக்கு மனசு ஒடஞ்சிடும் இல்ல நைனா” என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

11 வருஷம் சென்னை லீக் ஆடினேன். மூன்றாம் டிவிஷனில் ஆரம்பித்து முதல் டிவிஷன் வரை. அதற்கும் மேலே இருக்கும் சீனியர் டிவிஷனில் ஒரே சீசன், 4 மேட்ச். ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் என்று எங்காவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிடாதா என்பதுதான் வடசென்னை வியாசர்பாடியில் பூட்ஸ் கட்டிய எங்கள் எல்லாருடைய கனவும். எனக்கு அது அமையவில்லை. பகலில் குடோனில் மூட்டை தூக்கிவிட்டு சாயந்தரம் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். முழங்கால் போனதும் அந்தப் பதினோரு வருஷமும் வீணென்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். கோச் ஆவதற்கான டி லைசென்ஸ் முடித்து உங்கள் பிள்ளைகளோடு நின்ற பிறகும் அந்தக் கசப்பு முழுசாகப் போகவில்லை.

நேற்று அந்தப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். அத்தனை மேட்சிலும் காற்றில்லாத பந்தோடு நான் ஆடியதே இல்லை. கோடு போடாத கிரவுண்டிலும் ஆடியதில்லை. மூன்றாம் டிவிஷன் மேட்சைப் பார்க்க இருபது பேர் வந்தால் பெரிது. அதற்கும் யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து சுண்ணாம்பு கரைத்திருக்கிறார். அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் போய்ப் பேசியிருக்கலாம்.

2018-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை ஜெயித்த சென்னையின் எஃப்.சி. டீமில் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைப்போல வர ஆசை. வரட்டும், அதற்காக உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருவேன். வராமல் போகிறவர்களிடமும் இனி அதே அக்கறையோடு இருப்பேன். மேட்சில் யார் கோல் போட்டார்கள் என்று கேட்பதற்கு முன்னால், பந்தைத் துடைத்து மூட்டை கட்டியது யார் என்று கேட்பேன். நின்றுபோன, டி-க்கு அடுத்த படியான சி லைசென்ஸ் முயற்சியையும் உடம்பு தேறியதும் மறுபடி எடுக்கிறேன்.

கிளம்பும்போது ஆயாவிடம், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். புடவை, மருந்து என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பேத்தியைக் கைகாட்டினார். “இத்தினி நாளா பந்த புடிச்சிகினே இருந்தா. ஒருவாட்டி ஒதைக்க உடு.”

வருகிற திங்கட்கிழமை சாயந்தரம் நாலரை மணிக்குப் பெண்பிள்ளைகள் பேட்ச் தொடங்குகிறது. ஆறு வயதிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம். பீஸ் கிடையாது. பூட்ஸ் இல்லையென்றால் வெறுங்காலோடு அனுப்புங்கள்.

உங்கள் கோச்