ஜோடியில் ஒன்று கடிகாரம்

ராயபுரம்,
தை 10

அன்பு மச்சான் குமரா,

நம் பால்வெளியில் வயதோடு இரும்பின் அளவு எப்படி மாறியது என்று பார்க்க நீ சேர்க்கும் இரட்டை விண்மீன் பட்டியலை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய். ஜோடி எத்தனை என்று எண்ணாதே, ஒவ்வொன்றிலும் உள்ள வெண்குறுமீனின் (எரிந்து தீர்ந்த விண்மீனின் மிச்சக் கரு) நிறையைப் பார்த்துக் கழி.

சூரியன் மாதிரி தனி விண்மீன் பல நூறு கோடி ஆண்டு ஏறக்குறைய ஒரே முகத்தோடு எரியும். அதனிடம் வயதைக் கறப்பது கஷ்டம். இரட்டையில் இரண்டும் ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை. ஆறிக்கொண்டிருக்கும் வெண்குறுமீன் வயது சொல்லும், எரியும் துணை இரும்பின் அளவைச் சொல்லும். வயது என்பது வெண்குறுமீன் குளிர்ந்த காலமும், அதற்கு முன் அது மூல விண்மீனாக எரிந்த காலமும் சேர்ந்தது. தொல்லை இரண்டாவதில்தான். வெண்குறுமீனின் நிறை 0.57 சூரிய நிறைப் பக்கம் இருந்தால், 0.02 பிசகினாலே விடை நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆடும். 0.7-க்கு மேல் மூல விண்மீன் சீக்கிரம் எரிந்து தீர்ந்திருக்கும், அந்தப் பிழை அவ்வளவு உறைக்காது. 0.5-க்குக் கீழே இருப்பதைத் தூக்கிப் போடு: தனியாக வளர்ந்து அந்த நிறைக்கு வர அண்டத்தின் வயதே போதாது, யாரோ அதன் எரிபொருளை உறிஞ்சியிருக்கிறார்கள்.

மங்கலான வெண்குறுமீனுக்குக் கையா விண்கலத் தரவில் இடமாறு தோற்றத்தில் (தூரத்தைச் சொல்லும் சிறு இட அசைவு) பிழை அதிகம். பிரகாசமான துணையின் அளவையே அதற்கும் போடு. தூரம் சரியானால் ஆரம், ஆரம் சரியானால் நிறை. ஒற்றை விண்மீனின் அசைவோடு கையா அளவீடு எவ்வளவு பொருந்தவில்லை என்று சொல்லும் எண்ணான ஆர்.யூ.டபிள்யூ.இ. 1.4-ஐத் தாண்டினால் மூன்றாவது ஆள் ஒளிந்திருக்கலாம், அதையும் நீக்கு.

ஆரத்திசை வேகம் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) ஒத்துப்போகவில்லை என்று மட்டும் நல்ல ஜோடியைப் பிரித்துவிடாதே. 1,000 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் போல் 1,000 மடங்கு) இடைவெளியில் சுற்றுவேகம் நொடிக்கு 1 கி.மீ. சொச்சம்தான். வெண்குறுமீனின் ஈர்ப்பு அதன் ஒளியைச் சிவப்புப் பக்கம் இழுக்கும் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியோ, வேகமாகக் கணக்கிட்டால் நொடிக்கு 30 கி.மீ. அளவு. அந்த வித்தியாசத்திலிருந்தே நிறையைத் தனியாகச் சரிபார்க்கலாம்.

காசிமேட்டில் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரிகிற சிரியஸைச் சேர்க்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். அதன் துணையான வெண்குறுமீன் கடிகாரமாக அருமை, சுமார் 24 கோடி ஆண்டு என்கிறது. ஆனால் சிரியஸ் ஏ-யின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் இரும்பு பிறவிக் குணம் அல்ல, பிறகு மேலே திரண்டது.

மெக்னீசியத்தையும் அளந்து வை. அது பெருவிண்மீன் வெடிப்பில் சில கோடி ஆண்டுக்குள் வந்துவிடும், வெண்குறுமீன் வெடிக்கும் 1ஏ வகை வெடிப்பின் இரும்பு தாமதமாக வந்து சேரும். இரும்பை மட்டும் வயதோடு வரைந்தால், 700 கோடி ஆண்டு வரை கோடே கிடைக்காது, சிதறல்தான். அளவீட்டுப் பிழை என்று மிரளாதே. பால்வெளி மையத்திலிருந்து வேறு தூரத்தில் பிறந்து இங்கே குடியேறியவை நம் அக்கம்பக்கத்தில் நிறைய. பட்டியலில் நிறப் பத்திகளை விடாமல் அனுப்பு, 5,000 கெல்வினுக்குக் கீழே வெண்குறுமீனின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் மறைந்துவிடுகின்றன, அப்போது எனக்கு அந்த நிறங்கள்தான் கதி.

அன்புடன்,
சேகர்