பிப்ரவரியில் வாருங்கள்

அன்புள்ள கார்த்திக்,

நீயும் காவ்யாவும் நலம்தானே? இங்கே நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் வலிதான், டோக்கியோவில், இந்த நிஷிகசாய்ப் பக்கம், குளிர் விட்டால் அதுவும் விடும்.

அடுத்த வருஷம் சகுரா, அதுதான் செர்ரிப் பூ, பார்க்க மார்ச் கடைசிக்கு டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாயே, கொஞ்சம் பொறு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் அப்பாவும் நானும் மித்தோ ஊருக்குப் போய்க் கைராகுஎன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். உமே பூத்திருக்கிறது. உனக்குத் தெரியும், காவ்யாவுக்குச் சொல்: பிளம் என்று மொழிபெயர்க்கிறார்களே தவிர, நாம் கடையில் வாங்கும் சிவப்புப் பிளம் வேறு, இது வேறு. இங்கே சுமார் 3000 மரங்கள், 100 வகை. முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, கடைசியில் பூப்பது என்று கலந்து நிற்பதால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிக்குள் எப்போது போனாலும் ஏதாவது ஒரு பக்கம் பூத்திருக்கும். சகுரா அப்படியா? ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். நடுவில் ஒரு மழை அடித்தால் முடிந்தது. டொராண்டோவிலிருந்து அவ்வளவு காசு போட்டு வந்து, ஹோட்டல்காரன் கேட்கிற வாடகையையும் கொடுத்துவிட்டு, வெறுங்கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

ரயிலில் அப்பா பாடம் எடுத்தார். மன்யோஷூ என்ற பழைய ஜப்பானியக் கவிதைத் தொகுப்பில் சகுராவைவிட உமேயைப் பற்றித்தான் பாட்டு அதிகமாம். 730-இல் தசைஃபுவில் உமே பூத்த சமயம் ஒரு கவிதை விருந்து நடந்தது. அந்தப் பாட்டுகளுக்கு எழுதிய முன்னுரையிலிருந்துதான் 2019-இல் புது மன்னரின் சகாப்தத்துக்கு ரெய்வா என்ற பெயரை எடுத்தார்கள். டோக்கியோவின் ஊயெனோ ஸ்டேஷனிலிருந்து மித்தோ வருவதற்குள் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன்.

எனக்குப் பிடித்தது வேறு. இந்தத் தோட்டத்தை 1842-இல் திறந்தவர் மித்தோவின் ஒன்பதாவது பிரபு தொகுகாவா நரியாகி. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களில் கடைசியான யோஷினொபுவின் அப்பா. 1833-இல் தன் ஊருக்கு வந்து பார்த்தால் உமே மரமே அதிகம் இல்லை. எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, மாளிகையில் இருந்த மரங்களின் விதைகளைச் சேர்த்து அனுப்பி நடவைத்தார். ஏன் நட்டேன் என்று அவரே எழுதியது மித்தோவில் அவர் தொடங்கிய கோதோகான் பள்ளியில் கல்வெட்டாக இருக்கிறது: பனியில் பூத்து வசந்தத்தைச் சொல்லும், காயின் புளிப்பு தாகத்தைத் தீர்க்கும், களைப்பைப் போக்கும், போர்க்காலத்தில் படைக்கு உதவும். ஜப்பானே பஞ்சத்தில் தவித்த காலம் அது. பூவை ரசித்த மனுஷன் சாப்பாட்டுக் கணக்கையும் விடவில்லை, பார்த்தாயா! தோட்டத்தைத் தனக்கென்று பூட்டியும் வைக்கவில்லை. மூன்றிலும் எட்டிலும் முடிகிற தேதிகளில் சாதாரண ஜனங்களும் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தார். இன்றைக்கும் ஜூனில் காயைப் பறித்து மக்களுக்கு விற்கிறார்கள். நான் போடுகிற உமேபோஷிக்கு அந்தக் காய் கிடைத்தால் நன்றாக இருக்கும். உப்பில் ஊறவைத்து, சிவப்பு ஷிசோ இலை சேர்த்து, மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காயவைத்தால் நம்ம உப்பு நார்த்தங்காய் மாதிரிதான், தயிர்சாதத்துக்கு அப்படிப் பொருந்தும்.

நீங்கள் போகும்போது முன்வாசல் வழியாகப் போங்கள். முக்கால்வாசிப் பேர் கிழக்கு வாசலில் நுழைந்து நேராகப் பூவுக்குப் போய்விடுகிறார்கள். முன்வாசலில் நுழைந்தால் முதலில் மூங்கில் காடு, அப்புறம் தேவதாரு. பகலிலேயே இருட்டு, ஈர மண் வாசனை. அதைத் தாண்டி மேட்டுக்கு ஏறியதும் வெளிச்சமும் பூவும் ஒன்றாக வரும். நரியாகி திட்டமிட்டு அமைத்த வரிசையாம் இது.

மரத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அடிமரம் கருத்து, முறுக்கி, சிலது உள்ளே கோறையாகிப் போய், கம்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதிலிருந்து விறைப்பாக ஒரு பச்சைக் குச்சி. அந்தக் குச்சியில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு பூ. சகுரா காம்பில் கொத்தாகத் தொங்கும், இது கணுவில் உட்கார்ந்திருக்கும். இதழ் நுனியும் வட்டம், பிளவு கிடையாது. "சகுராவை வெட்டுகிறவன் முட்டாள், உமேயை வெட்டாதவன் முட்டாள்" என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. வெட்டி வெட்டி வளர்ப்பதால் பூ நம் முகத்துக்கு நேரே இருக்கிறது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டியதில்லை. நரியாகி இறந்தபின் அவருக்குச் சூட்டிய பெயரை வைத்த ரெக்கோபாய் வகை வெளிர் ரோஜா நிறம். ஷிரநனிவா வகை வெள்ளை அடுக்குப் பூ. வாசனைக்கு மூக்கை வைத்து முகர்ந்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, நாலடி தள்ளி நடந்தால் ஆளைத் தூக்குகிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட மெஜிரோ குருவிகள் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. அப்பா அதைப் படமெடுக்கிறேன் என்று அரைமணி நேரம் நின்றார், எல்லாவற்றிலும் வால்தான் விழுந்திருக்கிறது.

உள்ளே கோபுன்தெய் என்ற மூன்று மாடி மரவீடு. 1945 குண்டுவீச்சில் எரிந்து, ஐம்பதுகளில் திரும்பக் கட்டியது. மேல்மாடிக்குச் சாப்பாடு ஏற்றக் கயிற்றில் இழுக்கும் லிஃப்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள், காவ்யாவுக்கு அது பிடிக்கும். மாடியிலிருந்து செம்பா ஏரி வரைக்கும் தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், தரை ஐஸ். படியும் செங்குத்து, அப்பா முதல் மாடியோடு நிறுத்திக்கொண்டார்.

உமே விழாக் காலத்துச் சனி ஞாயிறில் மட்டும் தோட்டத்துப் பக்கத்திலேயே ஒரு தற்காலிக ஸ்டேஷனைத் திறக்கிறார்கள். ஆனால் டோக்கியோ பக்கமிருந்து வரும் வண்டிதான் நிற்கும், திரும்புவதற்கு மித்தோவுக்குத்தான் போக வேண்டும். கூட்டமும் தாங்காது. வார நாளில் போய், மித்தோவில் பஸ் பிடிப்பதுதான் சௌகரியம்.

பிப்ரவரி கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்குமா என்று காவ்யாவையும் கேட்டுவிட்டுச் சீக்கிரம் எழுது. கனமான சாக்ஸ் அங்கிருந்தே எடுத்து வாருங்கள், இங்கே உன் காலுக்கு அளவு கிடைக்காது.

அன்புடன்,
அம்மா