அப்பா வாங்கின புத்தகத்துக்கு கையெழுத்து கிடையாதாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் விழுப்புரம் பக்கத்துல ஒரு கிராமத்துல சத்துணவு அமைப்பாளரா வேலை பாக்குறேன். உங்க பத்திரிகைய ரொம்ப வருஷமா படிக்கிறேன், கடிதம் எழுதுறது இதான் முதல் தடவ. போன மாசம் சென்னைல ஒரு புத்தகக் கடைல நடந்தத யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருக்கு. கடை பேரும் எழுத்தாளர் பேரும் வேண்டாம், அவங்கள அசிங்கப்படுத்தறதுக்காக எழுதல.

எங்க அப்பா டெய்லர். பள்ளிக்கூடம் எட்டாவதோட நின்னுபோச்சு, ஆனா கிளை நூலகத்துல அவர் படிக்காத நாவல் கம்மி. 2010 ஜனவரில சௌகார்பேட்டைக்கு லைனிங் துணி வாங்கப் போனவரு, அப்பல்லாம் புத்தகக் கண்காட்சி பச்சையப்பன் காலேஜுக்கு எதிர்ல ஜார்ஜ் ஸ்கூல்லதான நடக்கும், அங்க போயி 180 ரூபா நாவல் ஒண்ண பத்து பர்சன்ட் கழிவு போக 162க்கு வாங்கிட்டு வந்தாரு. பில்லு இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு. துணில மார்க் பண்ற பென்சிலாலயே அங்கங்க கோடு போட்டு வச்சிருப்பாரு. கடைசிப் பக்கத்துல ஒண்ணு எழுதியிருக்காரு: "கிணத்த மூடச் சொன்னது யாரு? எழுதினவர்கிட்ட கேக்கணும்."

கேக்காமயே 2021ல போயிட்டாரு.

அந்த எழுத்தாளரோட புது நாவல் வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் 4 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும் கடைல உக்காந்து வாசகர்களுக்கு கையெழுத்துப் போட்டுக் குடுப்பாருன்னு ஒரு போஸ்டர் வாட்ஸ்அப்ல வந்துச்சு. "வாங்க, பேசலாம்"னு போட்டிருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் கிளம்பினேன். காலைல பத்தரைக்கு பஸ் ஏறி கிளாம்பாக்கத்துல இறங்கி, அங்கேர்ந்து இன்னொரு பஸ் புடிச்சு தாம்பரம், தாம்பரத்துலேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்னு போய்ச் சேரும்போது மூணே கால். அப்பாவோட புத்தகத்த மடிச்சு வச்ச புடவைக்கு நடுவுல வச்சு பைல எடுத்துட்டுப் போயிருந்தேன், அட்டை ஏற்கனவே விட்டுப்போயிருக்கு.

கவுன்ட்டர்ல டோக்கன் குடுத்தாங்க. என் நம்பர் 58. புத்தகத்த எடுத்துக் காட்டினதும் அந்தத் தம்பி சொன்னாரு, "மேடம், இன்னிக்கு இங்க வாங்குற காப்பிக்கு மட்டும்தான் சைன், வெளில வாங்கினதுக்குக் கிடையாது." போஸ்டர்ல அப்படி எதுவும் போடலியேன்னு கேட்டேன், மேனேஜர் சொல்லியிருக்காருங்கன்னாரு. அந்தத் தம்பியக் குத்தம் சொல்ல முடியாது. புது நாவல் 450 ரூபா. எப்படியும் வாங்குறதாதான் இருந்தேன், வாங்கிட்டேன். ஆனா நான் அவ்ளோ தூரம் வந்தது இன்னொரு புத்தகத்துக்காக.

எழுத்தாளர் வந்தது அஞ்சு பத்துக்கு. வந்ததும் ஒரு மூலைல லைட்டெல்லாம் போட்டு யூட்யூப் பேட்டி ஒண்ணு எடுத்தாங்க, அது ஒரு இருபது நிமிஷம். அதுக்கப்புறம் முன்வரிசைல பேப்பர் ஒட்டி ஒதுக்கி வச்சிருந்த நாற்காலிக்காரங்க ஒவ்வொருத்தரா போய் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நாங்க க்யூவுல நின்னுட்டே இருந்தோம். எனக்கு முன்னாடி ஒரு காலேஜ் பொண்ணு, காஞ்சிபுரத்துலேர்ந்து வந்திருந்துச்சு, எழுத்தாளருக்குக் குடுக்க நாலு பக்கத்துல கடிதம் எழுதிக் கைல வச்சிருந்துச்சு. பின்னாடி எழுபது வயசுக்கு மேல ஒரு ஐயா, ரெண்டு மணி நேரம் நின்னாரு, உக்கார ஒரு ஸ்டூல் கூட யாரும் போடல, நான் போய்க் கேட்டப்புறம்தான் ஒண்ணு வந்துச்சு.

ஆறே காலுக்கு "சாருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு"ன்னு மைக்ல சொன்னாங்க. 31வது டோக்கனோட முடிஞ்சுபோச்சு. பின்பக்க வழியா கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க கைல இருந்த காப்பிய வாங்கிக்கிட்டு, ஏற்கனவே கையெழுத்துப் போட்டு அடுக்கி வச்சிருந்த காப்பிய மாத்திக் குடுத்தாங்க. பேரு இல்ல, ஊரு இல்ல, வெறும் கையெழுத்து. அந்தப் பொண்ணு கடிதத்த கவுன்ட்டர்ல குடுத்துட்டு கண்ணத் தொடச்சுக்கிட்டே போச்சு. அது அவருக்குப் போய்ச் சேந்துச்சான்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

கடைக்கு வியாபாரம் நடக்கணும், வாடகை கட்டணும், அது எனக்குப் புரியாம இல்ல. தமிழ்ல புத்தகம் விக்கிறது எவ்ளோ கஷ்டம்னும் தெரியும், ஒரு காலத்துல 1200 காப்பி போட்டவங்க இப்ப முந்நூறுக்கே யோசிக்கிறாங்கன்னு பதிப்பாளர்களே சொல்றாங்க. இன்னிக்கு ஒரு புத்தகம் வாங்கினாத்தான் கையெழுத்துன்னா அதையும் ஒத்துக்குறேன், வாங்கினவங்க கொண்டுவந்த பழைய காப்பி ஒண்ணுக்கும் சேத்துப் போட்டுக் குடுக்கலாமே. பதினஞ்சு வருஷமா ஒரு வீட்டுல இருந்து, கோடு போட்டு, அட்டை விட்டுப்போற அளவுக்குப் படிச்ச காப்பியப் பாத்தா எந்த எழுத்தாளருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். அவர் கண்ணுல படவே விடாம கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்பினதுதான் எனக்கு ஆறல. அந்த விதிமுறை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

நந்தனம் புத்தகக் கண்காட்சிலயும், இப்ப எங்க மாவட்டத்துல நடக்குற கண்காட்சிலயும் எழுத்தாளர்கள் ஸ்டால் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பாங்க. எந்தக் காப்பி நீட்டினாலும் "பேரு என்னம்மா, எந்த ஊரு"ன்னு கேட்டு எழுதித் தருவாங்க. நான் அதத்தான் எதிர்பாத்துப் போனேன். கடைக்காரங்களுக்கு நான் கேக்குறது இதான்: எத்தன டோக்கன், எந்தக் காப்பிக்கு, எழுத்தாளர் எத்தன மணிக்குக் கிளம்புவாரு, இத போஸ்டர்லயே போட்டுருங்க. அம்பது பேருக்குத்தான் நேரம்னா அம்பது டோக்கனோட நிறுத்திருங்க. பேட்டியையும் போட்டோவையும் க்யூ முடிஞ்சப்புறம் வச்சுக்கோங்க. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்குத் திரும்பிப் போக கடைசி பஸ் இருக்கு. அன்னிக்கு நான் வீடு வந்து சேர ராத்திரி பதினொண்ணே முக்கால், மறுநாள் காலைல எட்டு மணிக்கு சமையல் கூடம் திறக்கணும்.

அந்த எழுத்தாளர் உங்க பத்திரிகைலயும் எழுதுறவர்தான். கிணறு வர்ற நாவல்னா அவருக்கே தெரியும். இந்தக் கடிதம் அவர் கண்ணுல பட்டா, கையெழுத்து கூட வேணாம், அந்தக் கிணத்த மூடச் சொன்னது யாருன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அப்பா எழுதி வச்சதுக்குக் கீழ அதே பென்சில்ல நான் எழுதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்